சீட்டு சலாலாவுக்கு மட்டுமா, தோஹாவுக்கும் சேர்த்தா?

சத்வா, துபாய்
செப்டம்பர் 4, வியாழன்

ஆண்டவருடைய இரக்கத்தில் நாள்தோறும் நிலைநிற்கும் என் அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, தங்கை சுகிர்தராணி எழுதும் கடிதம். இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் பிள்ளை ஷாஜினியும் சரீர சுகத்தில் ஒரு குறைவும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே உங்கள் சர்க்கரையும் மைனியின் முழங்கால் வலியும் அடங்கியிருக்கும்படி தினம் காலை ஜெபத்தில் பெயர் சொல்லிக் கேட்கிறேன். என் ஜெப நோட்டில் உங்கள் சர்க்கரை நான்காம் பக்கத்தில் இருக்கிறது. ‘கேட்டது’ கட்டத்தில் தேதி போட்டாயிற்று, ‘கிடைத்தது’ கட்டம் இன்னும் காலி. சாப்பாட்டுக்குப் பின் அல்வா எடுப்பதை நீங்கள் நிறுத்தினால் அந்த வரியை மூடிவிடலாம்.

சரீர சுகம் என்றுதான் எழுதினேன், கவனித்திருப்பீர்கள். மனசுக்குச் சுகமில்லை அண்ணன். ஆறு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை வாட்ஸ்அப்பில் சொல்ல முடியாது. உங்கள் போனை மைனி முதலில் பார்ப்பார்கள், மைனி பார்த்தால் குடும்ப குரூப் பார்க்கும், குரூப் பார்த்தால் ஆஸ்திரேலியாவிலிருந்து சித்தி உபவாச ஜெபம் ஏற்பாடு செய்வார்கள். உங்கள் மாப்பிள்ளையோடு ஸ்டோரில் வேலை பார்க்கும் கோவில்பட்டி கோபாலசாமி அண்ணாச்சி நாளைச் சாயங்காலம் லீவில் ஊருக்குப் புறப்படுகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். வாசித்ததும் கிழித்துவிடுங்கள். நீங்கள் பதினோரு வருஷமாக நம் சபைக் கமிட்டிச் செயலாளர். ஆலயத்துக்கு முதலில் மைக் செட்டா, காம்பவுண்டு கேட்டா என்ற சண்டையைத் திருவுளச்சீட்டுப் போட்டுத் தீர்த்து வைத்தவர். சீட்டு விஷயத்தில் உங்களைவிட விவரம் தெரிந்த ஆள் எனக்கு இல்லை. ஒரே ஒரு தீர்ப்பு வேண்டும். அதற்குமுன் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

எல்லாம் சாவிக்கொத்தில் ஆரம்பித்தது. உங்கள் மாப்பிள்ளை டூட்டிக்குப் போகும்போது வேன் சாவியை எடுத்துக்கொண்டு போனதாக எங்கள் கல்யாண வாழ்க்கையில் சரித்திரம் இல்லை. எங்கள் பில்டிங் பழசு, லிஃப்ட் பாதி நாள் ஓடாது, நாங்கள் மூன்றாம் மாடி. அவர்கள் கீழே நின்றுகொண்டு, “ஏட்டி ஷாஜி, சாவியப் போடு” என்று சத்தம் கொடுப்பார்கள், பிள்ளை பால்கனியிலிருந்து எறிவாள், அது நேரே போய் அவர்கள் சட்டைப் பையில் விழும். கையில் இல்லை அண்ணன், பையில். நான் இதை ஒரு திறமை என்று நினைத்ததே இல்லை, மூன்று மாடி இறங்கி ஏறுவது மிச்சம் என்றுதான் நினைத்தேன். போன பிப்ரவரியில் ஒரு நாள், முதல் மாடியில் குடியிருக்கும் பிலிப்பைன்ஸ்காரர் ரோமெல் இதைக் கீழேயிருந்து பார்த்துவிட்டார். அவருக்குப் பகலில் பிரிண்டிங் கடையில் வேலை, சாயங்காலத்தில் பிள்ளைகளுக்குப் பேஸ்பால் சொல்லிக்கொடுக்கிறார். சாவி பையில் விழுந்ததும், கையில் வைத்திருந்த முட்டைத் தட்டை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, இன்னொரு தரம் எறியச் சொல்லுங்கள் என்றார். அவர் சட்டையில் பை கிடையாது, காய்கறி வாங்கிய கவரை விரித்துப் பிடித்தார். அதிலும் விழுந்தது. அன்றைக்கு எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்த மனுஷன் இன்னும் எழுந்து போகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பேஸ்பால் என்றால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஒரு ஆள் பந்தை எறிய, இன்னொரு ஆள் உலக்கையைக் குட்டையாக்கின மாதிரி ஒரு கட்டையால் அதை அடிக்க வேண்டும், அடித்ததும் கட்டையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். அடிக்க நிற்கிற இடத்துக்குப் பெயர் வீடு. மற்ற மூன்று மூலையில் மூன்று சின்ன மெத்தை கிடக்கும். வீட்டிலிருந்து புறப்பட்டு, மூன்று மெத்தையிலும் கால் வைத்து, யாரும் பிடிப்பதற்குள் மறுபடி வீட்டுக்கே வந்து சேர்ந்தால் ஒரு புள்ளி. நடுவழியில் ஏதாவது ஒரு மெத்தையில் நிற்கும்போதே அந்தச் சுற்று முடிந்துவிட்டால் அவ்வளவு தூரம் ஓடினதற்கு ஒன்றும் கிடையாது. இதில் விளையாட்டு எங்கே இருக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது. கல்ஃபுக்கு வந்த எல்லாரும் வருஷக்கணக்காக இதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம்.

உங்கள் மாப்பிள்ளைக்கு இது கிரிக்கெட் இல்லை என்பது இன்றுவரை மனசில் ஏறவில்லை. முதல் ஆட்டத்திலேயே, பிள்ளை எறிந்த பந்து தரையில் படாமல் இடுப்புக்கு மேலே போயிற்று என்று எழுந்து நின்று ஒரு கையை நீட்டி நோ பால் கொடுத்தார்கள். அடுத்த பந்துக்கு, கை மடங்குகிறது, இது எறி, செல்லாது என்று அம்பயரிடம் போய்ப் புகார் சொன்னார்கள். சொந்த மகள் மேல் அண்ணன். அம்பயர் பொறுமைசாலி. சார், இதில் எறியத்தான் வேண்டும் என்று இங்கிலீஷில் சொன்னார். அதற்கு இவர்கள், “அப்பம் ஸ்டம்ப எங்கவே கொண்டு வச்சிருக்கிய?” என்று தமிழில் கேட்டார்கள்.

வாரத்தில் இரண்டு சாயங்காலம் பக்கத்துப் பார்க்கில் ஆடியவரை நான் வாய் திறக்கவில்லை. மே மாதம் ரோமெல் வந்து, ஊர் ஊராகப் போய்ப் போட்டியில் ஆடும் அணிக்கு ஷாஜினியை எடுக்க வேண்டும் என்றார். அபுதாபி, அல் ஐன், சலாலா, தோஹா, பஹ்ரைன். எட்டு வயசுப் பிள்ளையின் பாஸ்போர்ட்டில் எதற்கு இத்தனை முத்திரை? நான் கல்யாணமாகி வந்த பதினான்கு வருஷத்தில் ஷார்ஜாவைத் தாண்டியது மூன்று தரம், அதில் ஒன்று வழி தப்பி. உடனே நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். பணக் கணக்கு இல்லை, அதை ஓவர்டைம் பார்த்துச் சரிக்கட்டுவதாக உங்கள் மாப்பிள்ளை சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு. அக்டோபர் முதல் மார்ச் வரை இருபத்தாறு ஞாயிறு. அணியில் சேர்ந்தால் பதினேழு போய்விடும். மீதி ஒன்பது. ஒன்பதில் இரண்டு எப்படியும் காய்ச்சலில் போகும். ஏழு. அரை வருஷத்துக்கு ஏழு தடவை ஆலயத்துக்கு வருகிறவர்களைப் பற்றி நான் என்னென்ன பேசியிருக்கிறேன் என்று எங்கள் சபைப் பெண்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஷாஜினி சாதாரணப் பிள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை. எங்கள் ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனப் போட்டியில் தொடர்ந்து இரண்டு வருஷம் அவளுக்குத்தான் முதல் பரிசு. இங்கே பிறந்த பிள்ளைகள் தமிழ் எழுத்தைக் கண்டால் கரப்பானைக் கண்ட மாதிரி ஒதுங்கும். இவள் மடியில் தமிழ் வேதத்தை விரித்து, வரியில் விரல் வைத்து நகர்த்தி, ஒரு சொல் பிசகாமல் சொல்வாள். எழுத்து நான் சொல்லிக்கொடுத்தது. எட்டாம் வகுப்போடு நின்று, மீதியை மளிகை கட்டி வந்த பேப்பரில் நானாகவே படித்துக்கொண்டவள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். ஆலயத்தில் அந்த விரல் நகர்வதைப் பார்க்கும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வருஷம் நூற்றெழுபத்தாறு வசனம். எண்பத்தெட்டு முடிந்திருக்கிறது, சரி பாதி. பெண் பிள்ளை அந்தப் பாதியில் நிற்கும்போது உருட்டுக்கட்டையைக் கையில் கொடுத்து தோஹாவுக்கு அனுப்பு என்றால் எப்படி?

வீட்டில் தினமும் இதே பேச்சு. பிள்ளைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட் கிடைக்கும் என்பார்கள் அவர்கள். அவளுக்கு எட்டு வயசு என்பேன். “நாளைக்கே பதினெட்டு ஆயிரும்லா” என்பார்கள். பிள்ளை, பந்து பிடிக்கிற கையுறையை மடியில் வைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருப்பாள், என் தேங்காயெண்ணெய். அணியில் இன்னொரு பிள்ளையின் அம்மா நஸீஹா, காயல்பட்டினத்துக்காரி, பார்க்கில் என்னோடு உட்காருகிறவள். அவளிடம் புலம்பினேன். “நாங்க ரெண்டு ரக்அத் தொழுது, எது நல்லதோ அதக் காட்டுன்னு ரப்புகிட்ட கேப்போம். பொறவு மனசு எந்தப் பக்கம் லேசாவுதோ அந்தப் பக்கம் போவோம். ஒங்களுக்கு அப்படி ஒண்ணும் இல்லையாக்கும்?” என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஏன் இல்லை, நாங்கள் சீட்டுப் போடுவோம் என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சாயங்காலமே நஸீஹா தன் வீட்டுக்காரரிடம் சொல்லி, அவர் உங்கள் மாப்பிள்ளையிடம் சொல்லி, இவர்கள் முகமெல்லாம் பிரகாசமாக வந்து, “நல்ல யோசனை சொன்னட்டி, சீட்டே போட்டுருவோம்” என்றார்கள்.

ஜூலை கடைசி வெள்ளிக்கிழமை, சாயங்காலக் குடும்ப ஜெபம். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னையே எழுதச் சொன்னார்கள். இனிமேல் வருவதை நீங்கள் உட்கார்ந்து வாசியுங்கள். அடுக்களை மேடையில் வைத்து ஒரு துண்டில் ‘வேண்டாம்’ என்று எழுதினேன். இரண்டாவது துண்டில் ‘போகலாம்’ என்று எழுதத்தான் பேனாவை வைத்தேன். எழுதி முடித்துப் பார்த்தால் ‘வேண்டாம்’ என்று இருந்தது. கிழித்துவிட்டு வேறு எழுதியிருக்கலாம். நல்ல பேப்பரை வீணாக்குவானேன் என்று விட்டுவிட்டேன். இரண்டையும் ஒன்று போல நான்காக மடித்துப் பால்மாவு டப்பாவில் போட்டுக் குலுக்கினேன். உங்கள் மாப்பிள்ளை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஆண்டவரே, உம்முடைய சித்தம் எதுவோ அதுவே இந்த டப்பாவுக்குள்ளிருந்து வரட்டும் என்று ஜெபித்தார்கள். ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் நான் இருமினேன். முகத்தை மட்டும், எது வந்தாலும் எனக்குச் சம்மதம் என்கிற மாதிரி சாந்தமாக வைத்துக்கொண்டேன்.

ஷாஜினி கையை விட்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“போகலாம்” என்றாள்.

உங்கள் மாப்பிள்ளை அவள் கையிலிருந்து சீட்டை வாங்கிப் பார்த்தார்கள். திருப்பி மறுபக்கத்தையும் பார்த்தார்கள். பிறகு “ஆமென்” என்று மெதுவாகச் சொல்லி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள். நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு, குக்கர் விசில் போடுகிறது என்று அடுக்களைக்கு ஓடினேன். அடுப்பில் குக்கரே இல்லை. டப்பாவில் கிடந்த மற்றச் சீட்டைப் பிரித்தேன். ‘வேண்டாம்.’ என் எழுத்துத்தான், அந்தக் கடைசிப் புள்ளிகூட நான் வைக்கிற மாதிரியே இருந்தது. அடுப்பில் காட்டிக் கொளுத்திவிட்டேன்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அது எப்படிப் ‘போகலாம்’ ஆகும் என்று நான் கேட்க முடியாது. கேட்டால், ஏன் ஆகாது என்று அவர்கள் கேட்பார்கள். அந்தச் சீட்டைக் காட்டுங்கள் என்று கேட்கவும் நெஞ்சு வரவில்லை, என் மை எழுதினதை ஆண்டவர் மாற்றி எழுதியிருந்தால் அதைப் பார்க்கிற தைரியம் யாருக்கு இருக்கிறது? தண்ணீரைத் திராட்சரசமாக்கினவருக்கு இது எம்மாத்திரம் அண்ணன். எழுதினவள் நான், வாசித்தவள் பிள்ளை, நடுவில் நின்றவர் அவர். ஜெப நோட்டில் ‘கேட்டது’ கட்டத்தில், பிள்ளை போகக்கூடாது என்று எழுதி, ‘கிடைத்தது’ கட்டத்தில், போகலாம் என்று எழுதினேன். பதினான்கு வருஷ நோட்டில் அப்படி ஒரு வரி கிடையாது. இங்கே எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் அறிக்கையிடலாம் என்று இரண்டு தரம் வாசல்வரை போனேன். பெயர் சொல்லாமல் பிரசங்கத்தில் சேர்த்துவிடுவார், சபையில் எல்லாருக்கும் பெயர் தெரிந்துவிடும் என்று திரும்பி வந்துவிட்டேன்.

என்னைவிட உங்கள் மாப்பிள்ளையைத்தான் அந்தச் சீட்டு உலுக்கிவிட்டது. ஆறு வாரத்தில் ஒரு ஆராதனை தவறவில்லை. டூட்டிக்குப் போகுமுன் முழங்காலில் நிற்கிறார்கள். மூன்று தரம் தனியாக ஸ்தோத்திரக் காணிக்கை போட்டார்கள், எதற்கு என்று கேட்டால் சும்மா என்கிறார்கள். ஆராதனைக்குப் பின் நாற்காலி அடுக்குகிற குழுவில் சேர்ந்துவிட்டார்கள், வீட்டில் தன் தட்டை எடுத்து வைத்தறியாத மனுஷன். அற்புதத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இப்படித்தான் ஆகிவிடுவார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் மீன் குழம்பை முன்னால் வைத்துக்கொண்டு, “ஏட்டி, மனுஷன் ஆண்டவர ஏமாத்திர முடியுமா?” என்று கேட்டார்கள். எனக்கு முள் தொண்டையில் குத்திவிட்டது. நிஜமாகவே குத்திவிட்டது, அரைச் சீப்பு பழம் தின்றேன்.

சீட்டுக்குக் கீழ்ப்படிந்து ஆகஸ்டில் சலாலாவுக்குப் போனோம். இங்கே அந்த மாதம் வெளியில் கால் வைக்க முடியாத வெயில், அங்கே சாரல் அடிக்கும் என்று அங்கே வைத்திருந்தார்கள். இரண்டு வேன், ஏழு குடும்பம், பதினைந்து மணி நேரம். நாற்பது முட்டை அவித்து, ஒரு அண்டா புளிச்சோறு கட்டி எடுத்துப் போனேன். எல்லையைத் தாண்டுமுன் முட்டை தீர்ந்துவிட்டது. முதல் நாள் சாரல் விடவே இல்லை, ஆட்டம் ரத்து. எல்லாரும் ஒரு தகரக் கொட்டகையில் நனைந்து உட்கார்ந்திருந்தோம். உங்கள் மாப்பிள்ளை வானத்தைப் பார்த்து, “நமக்கு இது வேணும்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்கள். நானும் மனசுக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ரோமெல் என்னிடம் ஒரு பெரிய புத்தகத்தைக் கொடுத்தார். என் நோட்டைப் பார்த்திருக்கிறார் போல, ஸ்கோர் எழுத நீங்கள்தான் சரி என்றார். நான் எனக்குத் தெரிந்த மாதிரி எழுதினேன். வீட்டிலிருந்து புறப்பட்ட பிள்ளைகள் ஒரு பக்கம், வீடு வந்து சேர்ந்த பிள்ளைகள் ஒரு பக்கம், மெத்தையிலேயே நின்றுபோனவர்கள் நிலுவை. கடைசிக்கு முந்தின சுற்றில், எதிரணிப் பையன் ஒருத்தன் மூன்றாவது மெத்தையைத் தாண்டி வீட்டுக்கு ஓடி வருகிறான், பந்து மைதானத்தின் அந்தக் கோடியில் ஷாஜினியிடம் கிடக்கிறது. எடுத்தாள். இடது காலை முன்னால் வைத்தாள், தோள் பின்னால் போய் வந்தது. அவ்வளவு தூரமும் பந்து தாழாமல் வந்து, வீட்டண்டை குந்தியிருந்த பிள்ளையின் கையுறைக்குள் விழுந்தது, சட்டைப் பைக்குள் சாவி விழுகிற மாதிரி. பையன் அவுட். அப்போது அவள் முகத்தை நான் பார்த்தேன். பரிசு வாங்கின இரண்டு வருஷத்திலும் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. இதை உங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். கணக்கு என்றால் எல்லாவற்றையும் எழுதத்தான் வேண்டும்.

ஏழுக்கு ஆறு என்று எங்கள் பிள்ளைகள் ஜெயித்தார்கள். குதிக்கிறார்கள், உங்கள் மாப்பிள்ளை யார் யாரையோ கட்டிப்பிடிக்கிறார்கள். நான் கூட்டிப் பார்த்தேன். எனக்கு ஆறுதான் வந்தது. மறுபடி கூட்டினேன், ஆறு. மூன்றாவது சுற்றில் நஸீஹா மகன் ஒரு தரம் வீடு வந்ததை, பலகையில் எழுதின பையன் இரண்டு தரமாக எழுதிவிட்டான். அண்ணன், சீட்டில் கள்ளம் எழுதின இதே கைக்கு அந்த ஒரு புள்ளியை விட்டுத்தள்ள முடியவில்லை. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நேரே அம்பயரிடம் போனேன். இன்னொரு சுற்று ஆட வைத்தார்கள். ஏழுக்கு ஆறு என்று அவர்கள் ஜெயித்தார்கள்.

திரும்பி வரும்போது வேனில் பதினைந்து மணி நேரம் யாரும் என்னோடு பேசவில்லை. நஸீஹாகூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாதி வழியில் ஷாஜினி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “மம்மி, நீங்க யார் சைடு?” ஆண்டவர் பக்கம் என்று சொல்லலாம் என்றால் அந்தப் பக்கத்திலும் எனக்கு ஒரு சீட்டு நிலுவை இருக்கிறது.

இப்போது தோஹா. நவம்பர் நடுவில். ரோமெல் இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் பதில் கேட்கிறார், மூன்று பேர் பாஸ்போர்ட் நகலும் கேட்கிறார். சலாலா அணிக்காரர்கள் என் கணக்கைப் புகழ்ந்து எழுதினார்களாம், இனி நானும் கூட வர வேண்டுமாம், என் ஞாயிறும் சேர்ந்து போகிறது. என் கேள்வி இதுதான். இரண்டு சீட்டிலும் ஒன்றே எழுதியிருந்த சீட்டு, சீட்டாகுமா? ஆகும் என்றால் அது சலாலாவுக்கு மட்டுமா, தோஹாவுக்கும் பஹ்ரைனுக்கும் சேர்த்தா? மைக் செட்டுக்குப் போட்ட சீட்டை வைத்து நீங்கள் கேட்டைக் கட்டவில்லையே. மறுபடி போட வேண்டும் என்றால் யார் எழுதுவது? என்னை நம்பிப் பேனா கொடுக்க எனக்கே தைரியமில்லை. நான் கேட்பது, நீங்கள் செல்லாது என்று ஒரே வரி எழுதிக் கமிட்டி முத்திரை போட்டால், அதை உங்கள் மாப்பிள்ளையிடம் காட்டிப் பிள்ளையை இதோடு நிறுத்திவிடுவேன். முத்திரை போட்ட தாளைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். முடியாவிட்டால் வாட்ஸ்அப்பில் செல்லாது என்று ஒரே வார்த்தை போதும். மைனி கேட்டால் அலமாரியில் கிடந்த பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டைப் பற்றி என்று சொல்லிவிடுங்கள். பொய்தான். அதையும் என் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

உங்களையும் மைனியையும் வீட்டையும் வாசலையும், போக்கையும் வரத்தையும் ஆண்டவர் தம் கைக்குள் வைத்துக் காத்துக்கொள்வாராக. நம் ஊர்ப் போதகர் வீட்டு ஐயரம்மாவுக்கு என் தோத்திரம் சொல்லுங்கள். கோபாலசாமி அண்ணாச்சியிடம் பேரீச்சம்பழம் ஒரு கிலோ கொடுத்தனுப்புகிறேன், அது மைனிக்கு மட்டும்.

இப்படிக்கு,
சமாதானம் இழந்த தங்கை
ஞா. சுகிர்தராணி

பி.கு: உறையை ஒட்டினபின் பிரித்து எழுதுகிறேன். இன்று வெள்ளி. கோபாலசாமி அண்ணாச்சி கீழே வேனில் ஏறிவிட்டார், ஹாரன் அடிக்கிறார்கள். எந்தப் பதில் வந்தாலும் தயாராக இருக்கட்டும் என்று நகல் எடுக்க உங்கள் மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டை எடுத்தேன். பாஸ்போர்ட் உறைக்குள் நான்காக மடித்த துண்டு. பிரித்தேன். ‘வேண்டாம்.’ மை அப்படியே இருக்கிறது, ஒரு எழுத்தும் மாறவில்லை. ஷாஜினியைக் கூப்பிட்டு, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். வாங்கிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். “எழுத்தப் பாருட்டி, மூஞ்சிய ஏன் பாக்க?” என்றேன். “மம்மி, ஐ கான்ட் ரீட் தமிழ்” என்றாள். எண்பத்தெட்டு வசனமும் காலையில் நான் அடுக்களையில் சத்தமாக வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு வந்ததாம். விரல் சும்மா நகர்கிறதாம். அப்படியானால் அன்றைக்குப் போகலாம் என்று எப்படி வாசித்தாய் என்றேன். “நீங்க சிரிச்சீங்க மம்மி. ஸோ ஹேப்பியா இருந்தீங்க. அப்போ போகலாம்னுதானே இருக்கும்?” என்றாள்.

அண்ணன், நான் சாந்தமாக வைத்திருந்ததாக மேலே எழுதியிருக்கும் அந்த முகத்தைத் தயவுசெய்து அடித்துவிட்டு வாசியுங்கள். உங்கள் மாப்பிள்ளை, ஆண்டவர் வேண்டாம் என்று சொன்னதைத் தான் மறைத்துவிட்டதாக நினைத்து, அதைக் கிழிக்கவும் பயந்து, ஆறு வாரமாகப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு திரிகிறார்கள். டப்பாவுக்குள் இருந்ததும் அதேதான் என்று அவர்களிடம் சொல்லத்தான் வேண்டும். வருகிற ஞாயிறு நாற்காலி அடுக்குவது அவர்கள் முறை, அது முடியட்டும்.

தீர்ப்பு வேண்டாம், முத்திரையும் வேண்டாம். கோபாலசாமி அண்ணாச்சி திரும்பும்போது பெரிய எழுத்தில் ஒரு அரிச்சுவடி வாங்கிக் கொடுத்தனுப்புங்கள். அவருக்கு நாற்பத்தைந்து நாள் லீவு. அரிச்சுவடி வந்து, ஆனா ஆவன்னாவில் தொடங்கி, நான் எதையும் தாண்டாமல் வரிசையாகச் சொல்லிக்கொடுத்து, பிள்ளை ‘வே’ எழுதப் படிப்பதற்குள் தோஹா ஆட்டம் முடிந்திருக்கும்.